பிரஷர் மாத்திரையின் வேகம்: கால்சியம் தடுப்பான்கள் பற்றி ஒரு மதிப்பீடு

மருந்துக்கடைக்கு ‘பிரஷர் மாத்திரை’ வாங்க வருபவர்களின் சீட்டில் அதிகம் தென்படும் பெயர்களில் ஒன்று ஆம்லோடிபின். சிறிய மாத்திரை, 5 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதைத்தான் தருகிறார்கள், பெரிய தனியார் மருத்துவமனையிலும் அதைத்தான் எழுதுகிறார்கள். கால்சியம் தடுப்பான்கள் என்னும் மருந்து இனத்தில் இன்று மிகுதியாகப் புழங்குவது இதுதான். உயர் ரத்த அழுத்தத்துக்கு முதலில் தொடங்கத்தக்க மருந்துகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் மூன்று வகைகளைச் சொன்னது. நீண்ட நேரம் வேலை செய்யும் கால்சியம் தடுப்பான்கள் அவற்றில் ஒரு வகை.

1995இல் நிலைமை இப்படி இல்லை. இதே இனத்தைச் சேர்ந்த மருந்துகள் மாரடைப்பைக் கொண்டுவருகின்றன என்ற செய்தி அமெரிக்கப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் அடிபட்டது. நோயாளிகள் பதறிப்போய் மருத்துவர்களைத் தொலைபேசியில் அழைத்தார்கள். சிலர் தாங்களாகவே மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்து, ரத்த அழுத்த சிகிச்சையின் நடுநாயகமாக இவ்வினம் அமர்ந்துவிட்டது.

பழைய ஆய்வுகள் பொய் என்றோ புதிய மருந்து பழையதைத் துரத்திவிட்டது என்றோ இந்தத் தலைகீழ் மாற்றத்தை முடித்துவிட முடியாது. ஒரே பெயரின் கீழ் பல குணமுள்ள மருந்துகளை அடைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பை எழுத முயன்றதில்தான் குழப்பம் தொடங்கியது. மருந்து எவ்வளவு வேகத்தில் வேலை செய்கிறது, யாருடைய உடம்பில் வேலை செய்கிறது, எந்த மருந்தோடு சேர்ந்து வேலை செய்கிறது என்ற மூன்று கேள்விகளையும் கேட்டால்தான் இந்த இனத்தின் நன்மை தீமையைச் சரியாக எடைபோட முடியும்.

குழாய்த் தண்ணீரில் துடித்த இதயம்

கதையின் வேர் 19ஆம் நூற்றாண்டு லண்டனில் இருக்கிறது. யுனிவர்சிட்டி காலேஜில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை உடம்பிலிருந்து பிரித்தெடுத்து உப்புக் கரைசலில் துடிக்கவைக்கும் சோதனைகளைச் செய்துவந்தார். வெறும் சோடியம் குளோரைடு கரைசலிலேயே இதயம் நெடுநேரம் துடித்தது. அதை 1882இல் கட்டுரையாக எழுதியும் விட்டார். பிறகுதான் ஒரு விஷயம் அவருக்குத் தெரியவந்தது. கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கவில்லை; நியூ ரிவர் என்ற தனியார் குடிநீர் நிறுவனம் வீடுகளுக்கு விட்ட குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கிறார்கள். காய்ச்சி வடித்த நீரில் செய்து பார்த்தபோது இதயத்தின் துடிப்பு படிப்படியாகத் தளர்ந்து நின்றது. லண்டன் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். கரைசலில் சிறிதளவு கால்சியத்தைச் சேர்த்ததும் இதயம் மறுபடி சுருங்கி விரிந்தது. 1883இல் இதை ரிங்கர் வெளியிட்டார். கால்சியம் இல்லாமல் இதயத் தசை சுருங்காது என்ற அடிப்படை உண்மை இப்படித்தான் நிலைபெற்றது.

கால்சியத்தை உள்ளே விடாமல் தடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி மருந்தாக மாற இன்னும் எண்பது ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கென்ஸ்டைன், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்களை விரிப்பதாகக் கருதப்பட்ட இரண்டு புதிய மருந்துகளை 1960களின் தொடக்கத்தில் பரிசோதித்தார். பிரெனிலமின் ஒன்று, வெராபமில் மற்றொன்று. இரண்டுமே இதயத் தசையின் சுருங்கும் வலுவைக் குறைத்தன. கால்சியத்தை நீக்கிய கரைசலில் இதயம் எப்படித் தளருமோ, இதுவும் அப்படியே இருந்தது. கூடுதலாகக் கால்சியம் கொடுத்ததும் வலு திரும்பியது. 1964இல் தொடங்கிய இந்த ஆய்வுவரிசையில்தான் ‘கால்சியம் எதிரிகள்’ என்ற கருத்தை அவர் உருவாக்கினார்.

அடுத்த பத்தாண்டில் மருந்துகள் வரிசையாக வந்தன. ஜப்பானின் தனபே நிறுவனம் டில்டியாசெமை 1974இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் நிஃபெடிபினை 1975இல் வெளியிட்டது. நிஃபெடிபினின் வேதியியல் அடித்தளம் டைஹைட்ரோபிரிடின் என்ற வளையம். அதைச் செய்யும் முறையை ஆர்தர் ஹான்ட்ஷ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1880களிலேயே கண்டுபிடித்திருந்தார். மருந்தாகப் பயன்படும் என்று அப்போது யாரும் நினைத்திருக்கவில்லை. இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரில் ஃபைசர் ஆய்வகம் அதே வளையத்தை மாற்றியமைத்து உருவாக்கிய ஆம்லோடிபினுக்கு அமெரிக்காவில் 1992இல் அனுமதி கிடைத்தது.

ஒரே பெயர், இரண்டு குணம்

நம் உடலில் செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம், உள்ளே இருப்பதைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. தசை சுருங்கவேண்டிய நேரத்தில் செல்லின் சவ்விலுள்ள நுண்வழிகள் திறந்து, கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் தடுப்பான்கள் போய் ஒட்டிக்கொள்வது இந்த நுண்வழிகளில்தான். ரத்த நாளச் சுவரின் தசை தளர்ந்து நாளம் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. கைகால் தசைகளோ தங்களுக்குள்ளேயே சேமித்த கால்சியத்தைக் கொண்டு சுருங்குபவை. அதனால் இந்த மாத்திரையைச் சாப்பிடுபவருக்குக் கைகால் வலுவிழப்பதில்லை.

‘கால்சியத்தைத் தடுக்கும் மாத்திரை என்றால் எலும்பு தேய்ந்துவிடாதா? பால் குடிக்கலாமா?’ என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகக் குடிக்கலாம். மருந்து ரத்தத்திலுள்ள கால்சியத்தின் அளவைக் குறைப்பதில்லை. எலும்பிலிருந்து உறிஞ்சுவதும் இல்லை. குறிப்பிட்ட தசைகளில் குறிப்பிட்ட நுழைவழியைச் சற்று மந்தப்படுத்துகிறது, அவ்வளவே.

இந்த நுழைவழி இரண்டு இடங்களில் முக்கியமானது. ஒன்று ரத்த நாளச் சுவர். மற்றொன்று இதயத்துக்குள் மின்துடிப்பை உண்டாக்கிக் கடத்தும் கணுக்கள். நிஃபெடிபின், ஆம்லோடிபின், ஃபெலோடிபின், சில்னிடிபின் என்று ‘டிபின்’ என முடியும் மருந்துகள் வழக்கமான அளவில் நாளங்களையே குறிவைப்பவை. வெராபமிலும் ஓரளவு டில்டியாசெமும் இதயத்தின் கணுக்களிலும் வேலை செய்து நாடித்துடிப்பைக் குறைக்கும். திடீரென்று நிமிடத்துக்கு 180, 200 என்று எகிறும் ஒருவகைப் படபடப்பை, நரம்பில் செலுத்தும் வெராபமில் சில நிமிடங்களில் அடக்கிவிடும். ஆம்லோடிபினால் அது ஆகாது. அதேபோல் வெராபமில் ஏற்படுத்தும் மலச்சிக்கலும் நாடி மந்தமும் ஆம்லோடிபினின் வழக்கமான தொல்லைகள் அல்ல. ‘கால்சியம் தடுப்பான் கொடுக்கலாமா’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில் இல்லாததற்கு இதுவே முதல் காரணம்.

நாக்குக்கு அடியில் விட்ட சொட்டு

1980களில் மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் ஒரு பழக்கம் பரவியது. ரத்த அழுத்தம் 200ஐத் தாண்டி வரும் நோயாளிக்கு, நிஃபெடிபின் திரவம் அடைத்த கேப்சூலை ஊசியால் குத்தி, திரவத்தை நாக்குக்கு அடியில் சொட்டவிடுவார்கள். அல்லது கடித்து விழுங்கச் சொல்வார்கள். சில நிமிடங்களில் கருவியில் எண் கிடுகிடுவென்று இறங்கும். நோயாளியின் உறவினர்களுக்கும் நிம்மதி, மருத்துவருக்கும் நிம்மதி. உண்மையில் நாக்குக்கு அடியில் அந்த மருந்து உறிஞ்சப்படுவது மிகக் குறைவு; விழுங்கிய பிறகு குடலில் உறிஞ்சப்பட்டுத்தான் வேலை செய்தது. அதைவிட முக்கியம், இறங்கிய வேகம். நெடுநாள் உயர் அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கும் இதயத்துக்கும் ரத்த ஓட்டம் சட்டென்று குறைந்தது. பக்கவாதம், மாரடைப்பு, பார்வையிழப்பு என்று செய்திகள் வந்தன. அந்த கேப்சூலுக்கு அமெரிக்க அரசின் அனுமதி இருந்தது நெஞ்சுவலிக்குத்தான், ரத்த அழுத்தத்துக்கு அல்ல. எஹுட் கிராஸ்மனும் ஃப்ரான்ஸ் மெஸெர்லியும் சகாக்களோடு 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிய கட்டுரை, இந்தப் பழக்கத்தையே நிறுத்திவைக்க வேண்டாமா என்று கேட்டது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் பெரிய புயல் அடித்தது. சியாட்டிலைச் சேர்ந்த புரூஸ் சாட்டியும் அவருடைய குழுவும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், நீர்பிரி மருந்து சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் குறுகிய நேரமே வேலை செய்யும் கால்சியம் தடுப்பான் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு அபாயம் சுமார் 60 விழுக்காடு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆண்டில் கர்ட் ஃபர்பெர்க், சாட்டி, ஜெஃப்ரி மேயர் மூவரும் இதயநோயாளிகளிடம் நடந்த நிஃபெடிபின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அளவு கூடக்கூட இறப்பும் கூடியது. நாளுக்கு 80 மில்லிகிராம் அளவில் அபாயம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இந்த ஆய்வுகளில் இடைவெளிகள் இருந்தன. முதலாவது ஆய்வு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை அல்ல. ஏற்கெனவே இதயம் பலவீனமானவர்களுக்கே மருத்துவர்கள் இந்த மருந்தை அதிகம் எழுதியிருக்கலாம். ஆனால் உடலியல் தரும் விளக்கம் ஒதுக்கித்தள்ளக் கூடியதாக இல்லை. நாளுக்கு மூன்று முறை விழுங்கும் கேப்சூல், ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைச் சட்டென்று இறக்குகிறது. உடனே உடம்பு அட்ரினலின் வகைச் சுரப்புகளைக் கொட்டுகிறது, இதயம் படபடவென்று அடிக்கிறது. மருந்தின் பலம் தீர்ந்ததும் அழுத்தம் மறுபடி ஏறுகிறது. அடைப்புள்ள இதயத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் கேடு.

மருத்துவ அறிவியலின் நாணயத்தையும் இந்தச் சர்ச்சை சோதித்தது. ஹென்றி ஸ்டெல்ஃபாக்ஸ் குழுவினர் 1998இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ வெளியிட்ட ஆய்வில், விவாதத்தில் எழுதியவர்களுக்கு மருந்து நிறுவனங்களோடு இருந்த பணத்தொடர்பைக் கணக்கெடுத்தார்கள். கால்சியம் தடுப்பான்களை ஆதரித்து எழுதியவர்களில் 96 விழுக்காட்டினருக்கு அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களோடு தொடர்பு இருந்தது. நடுநிலையாக எழுதியவர்களில் 60, குறைசொன்னவர்களில் 37. ஆதரித்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று இது காட்டவில்லை. ஆனால் கட்டுரையாளர்கள் தங்கள் தொடர்புகளை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கை இதற்குப் பிறகு வலுத்தது.

பெரிய ஆய்வுகள் சொன்ன விடை

சர்ச்சை ஓய, பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வுகள் தேவைப்பட்டன. முதல் நல்ல செய்தி ஐரோப்பாவிலிருந்து 1997இல் வந்தது. மேல் அழுத்தம் மட்டும் கூடியிருந்த 4,695 முதியவர்களிடம் நடந்த சிஸ்ட்-யூர் ஆய்வில், நைட்ரெண்டிபினில் தொடங்கிய சிகிச்சை பக்கவாதத்தை 42 விழுக்காடு குறைத்தது.

2002இல் வெளியான ஆல்ஹாட் ஆய்வு இன்னும் பெரியது. வட அமெரிக்காவில் நடந்த அதில், ஆம்லோடிபின், லிசினோப்ரில், குளோர்தாலிடோன் என்ற மூன்று மருந்துகளை 33,357 பேரிடம் ஒப்பிட்டார்கள். மாரடைப்பிலும் இதயநோய் மரணத்திலும் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. ஆம்லோடிபின் மாரடைப்பைக் கூட்டும் என்ற அச்சம் இதோடு தீர்ந்தது. ஆனால் ஒரு குறை வெளிப்பட்டது. ஆறு ஆண்டுக் கணக்கில் இதயச் செயலிழப்பு, ஆம்லோடிபின் சாப்பிட்டவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கு வந்தது. நீர்பிரி மருந்தான குளோர்தாலிடோன் குழுவில் 7.7 விழுக்காடுதான்.

2005இல் அஸ்காட் ஆய்வு, 19,257 பேரிடம் புதிய இணையையும் பழைய இணையையும் மோதவிட்டது: ஒரு பக்கம் ஆம்லோடிபின், தேவைப்பட்டால் பெரிண்டோப்ரில், மறுபக்கம் அட்டெனலால், தேவைப்பட்டால் தயாசைடு என்ற நீர்பிரி மருந்து. ஆம்லோடிபின் பக்கத்தில் பக்கவாதம் 23 விழுக்காடும் மொத்த இறப்பு 11 விழுக்காடும் குறைவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2008இல் வந்த அக்கம்ப்ளிஷ் ஆய்வில், பெனசெப்ரிலோடு தயாசைடைச் சேர்த்ததைவிட ஆம்லோடிபினைச் சேர்த்தது இதய, ரத்தநாளப் பாதிப்புகளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் குறைத்தது.

இவை பெரும்பாலும் ஆம்லோடிபினைப் பற்றியவை. குற்றம்சாட்டப்பட்ட நிஃபெடிபின் என்ன ஆனது? அதே மூலக்கூறை மெதுவாகக் கசியவிடும் மாத்திரையாகச் செய்தார்கள். உறையில் மிகச் சிறிய துளை. குடலின் ஈரத்தை உள்வாங்கி நாள் முழுவதும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். வேலை முடிந்த வெற்று உறை மலத்தில் வெளியேறும்போது, மாத்திரை கரையவே இல்லையோ என்று நோயாளிகள் பயப்படுவது உண்டு. இந்த வடிவத்தை, நெஞ்சுவலி உள்ள 7,665 பேரிடம் சோதித்தது 2004இல் வெளியான ஆக்‌ஷன் ஆய்வு. இறப்பு கூடவில்லை. மூலக்கூறு மாறவில்லை, மாறியது வேகம் மட்டுமே. 1995இன் குற்றச்சாட்டுக்கும் பிந்தைய விடுதலைக்கும் இடையே முரண்பாடு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆம்லோடிபினுக்கு இந்த நிதானம் பிறவிக்குணம். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஒரு வேளை மறந்துபோனாலும் அழுத்தம் உடனே எகிறாது. இதற்கு மறுபக்கமும் உண்டு: மருந்து உடம்பில் நிலையான அளவை எட்ட ஏழெட்டு நாள் பிடிக்கும். தொடங்கிய மூன்றாம் நாளே ‘பிரஷர் இறங்கவில்லை’ என்று தாங்களாகவே இரண்டாக்கிக்கொள்பவர்கள் இதை அறிய வேண்டும். காலையில் சாப்பிடுவதா இரவிலா என்ற நெடுநாள் விவாதத்துக்கும் பிரிட்டனில் 21,104 பேரிடம் நடந்த டைம் ஆய்வு 2022இல் விடை தந்தது. ரத்த அழுத்த மாத்திரைகளை எந்த நேரத்தில் எடுத்தாலும் மாரடைப்பு, பக்கவாதக் கணக்கில் வேறுபாடு இல்லை. மறக்காத நேரமே நல்ல நேரம்.

யாருக்கு, எப்போது

இரண்டாவது கேள்வி, யாருடைய உடம்பு என்பது. இதயத்தின் இறைக்கும் வலு குறைந்தவர்களுக்கு வெராபமிலும் டில்டியாசெமும் ஆகாது. மாரடைப்புக்குப் பின் டில்டியாசெம் கொடுத்துப் பார்த்த 1988ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், நுரையீரலில் நீர் தேங்கியவர்களுக்கு அது தீங்கே செய்தது. அதே நிலையில் ஆம்லோடிபின் நன்மையும் செய்யவில்லை, இறப்பைக் கூட்டவும் இல்லை என்று 1996இல் பிரெய்ஸ் ஆய்வு காட்டியது. ஆகவே இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு முதல் மருந்தாக அன்றி, மற்றவை போதாதபோது அழுத்தத்தைக் குறைக்க மட்டும் அதைச் சேர்ப்பார்கள்.

நாளம் திடீரென்று இழுத்துப்பிடித்து வரும் நெஞ்சுவலிக்கு இந்த இனமே தலையாய மருந்து. குளிரில் விரல்கள் வெளிறி நோகும் ரேனோ தொல்லைக்கும் இது உதவுகிறது. மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்தவர்களுக்கு நிமோடிபின் கொடுப்பது உலக வழக்கம். உயரமான மலையேறும்போது நுரையீரலில் நீர் கோப்பவர்களுக்கு நிஃபெடிபின் கைகொடுக்கிறது.

எல்லாவற்றையும்விட நம் நாட்டுக்கு முக்கியமானது பிரசவ அறை. கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறினால் தாயும் சேயும் உயிராபத்தில் இருக்கிறார்கள். நரம்பில் ஊசி செலுத்திக் கண்காணிக்க வசதியில்லாத இடங்களில் வாய்வழி மருந்து போதுமா? நாக்பூரின் இரண்டு அரசு மருத்துவமனைகளில் 894 பெண்களிடம் நடந்து 2019இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு இதற்கு விடை சொன்னது. தீங்கின்றி ஆறு மணி நேரத்துக்குள் அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்கள் நிஃபெடிபின் குழுவில் 84 விழுக்காடு, லேபடலால் குழுவில் 77, மெத்தில்டோப்பா குழுவில் 76. இங்கே கொடுத்தது வேகமாக வேலை செய்யும் நிஃபெடிபின்தான். ஆனால் அளந்து, விழுங்கவைத்து, மணிக்கொருமுறை அழுத்தத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள். முதியவருக்கு நாக்கடியில் விட்டபோது கேடாகிய அதே வேகம், கண்காணிப்போடு கர்ப்பிணிக்குக் கொடுத்தபோது உயிர்காக்கும் குணமாகிறது.

செருப்பு வார் இறுக்கும்போது

இந்த இனத்தின் மிகப் பரவலான தொல்லை கால் வீக்கம். ‘சாயந்தரம் ஆனா செருப்பு வார் இறுக்குதுங்க’ என்று ஆரம்பிப்பார்கள். கணுக்கால் எலும்புக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழும், காலையில் எழும்போது வற்றியிருக்கும். ஆம்லோடிபின் 5 மில்லிகிராமில் நூற்றுக்கு மூன்று பேருக்கும் 10 மில்லிகிராமில் பத்துப் பதினொரு பேருக்கும் இது வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். உடம்பில் உப்பும் நீரும் தங்குவதால் வரும் வீக்கம் அல்ல இது. மருந்து நுண்தமனிகளை விரித்துவிடுகிறது, சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. மடையை அகலத் திறந்து வடிகாலைத் தூர்வாராமல் விட்ட வயலில் நீர் நிற்பதுபோல் நுண்குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிந்து கணுக்காலில் தங்குகிறது.

அதனால்தான் நீர்பிரியும் மாத்திரை இதில் பெரிதாகப் பலிப்பதில்லை. ஆனால் நடப்பது என்ன? வீக்கத்தைப் பார்த்ததும் ஃப்ருசமைடு சேர்க்கிறார்கள். அதனால் பொட்டாசியம் குறைய, அதற்கு ஒரு சிரப். இரவில் நாலு முறை எழுந்து போவதால் தூக்கம் கெட்டு, அதற்கு ஒரு மாத்திரை. இருட்டில் தடுக்கி விழுந்தால் எலும்பு முறிவு. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோயாக எண்ணி அடுத்த மருந்தை எழுதும் இந்தச் சங்கிலி முதியவர்களிடம் அடிக்கடி காணப்படுவது. செய்யவேண்டியது எளிது: அளவைக் குறைக்கலாம், அல்லது சிரைகளையும் விரிக்கக்கூடிய டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்றவற்றைச் சேர்க்கலாம், வீக்கம் குறைவாக வரும் சில்னிடிபினுக்கு மாற்றலாம். மூச்சுவாங்கலோடு வரும் வீக்கம், ஒற்றைக் காலில் மட்டும் வரும் வீக்கம் வேறு சங்கதி. அவற்றை மாத்திரையின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

ஈறு தடித்து வளர்வது இன்னொரு விளைவு. பல் மருத்துவரிடம் போகும்போது பிரஷர் மாத்திரையின் பெயரையும் சொல்வது நல்லது.

எதோடு சேர்த்து

மூன்றாவது கேள்வி, துணை மருந்து. நாடியைக் குறைக்கும் வெராபமிலோடு, அதே வேலையைச் செய்யும் மெட்டோப்ரோலால், அட்டெனலால் வகையைச் சேர்த்தால் இதயத்துடிப்பு அபாயகரமாகக் குறைந்துவிடலாம். ஆம்லோடிபினோடு அந்தச் சிக்கல் இல்லை. கொழுப்புக்கான சிம்வாஸ்டாடினை ஆம்லோடிபினோடு எடுப்பவர்கள் நாளுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011இல் வரம்பு கட்டியது. கிளாரித்ரோமைசின் போன்ற சில கிருமிக்கொல்லிகள் இந்த மாத்திரைகளை ஈரல் சிதைக்கும் வேகத்தைக் குறைத்து அழுத்தத்தை அளவுக்கு மீறி இறக்கிவிடும்.

கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர், ஃபெலோடிபினோடு மதுவைச் சோதித்தபோது மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராமல் பல மடங்கு எகிறியது. காரணம் மது அல்ல, சாறு. குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சாறு முடக்கிவிடுகிறது. நம் ஊர்ப் பம்பளிமாசும் அதே இனத்துப் பழம் என்பதால், ஃபெலோடிபின், நிஃபெடிபின் எடுப்பவர்கள் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. ஆம்லோடிபினில் இந்த விளைவு மிகக் குறைவு.

அட்டையைப் படிக்கத் தெரிவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். பெயருக்குப் பின்னால் ‘ஏடி’ என்றிருந்தால் பெரும்பாலும் உள்ளே அட்டெனலாலும் உண்டு. டெல்மிசார்டன் பெயருக்குப் பின்னால் ‘ஏஎம்’ என்றிருந்தால் ஆம்லோடிபினும் உண்டு. ‘எச்’ என்றால் நீர்பிரி மருந்து. இரண்டு மருத்துவர்களைப் பார்ப்பவர், ஒருவரிடம் தனி ஆம்லோடிபினும் மற்றொருவரிடம் கூட்டு மாத்திரையும் வாங்கி, தெரியாமலே இரட்டை அளவு எடுத்துக்கொள்ள நேரிடும். எஸ்-ஆம்லோடிபின் 2.5 மில்லிகிராம், சாதாரண ஆம்லோடிபின் 5 மில்லிகிராமுக்குச் சமம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நம் பக்கத்து நிலவரம்

எந்த இணை நல்லது என்ற கேள்விக்கு மேலைநாட்டு ஆய்வுகளையே நம்பியிருந்த காலம் மாறிவருகிறது. இந்தியாவில் சுமார் 2,000 பேரிடம் நடந்த டாப்ஸ்பின் ஆய்வு, ஆம்லோடிபினோடு பெரிண்டோப்ரில், ஆம்லோடிபினோடு இண்டபமைடு, பெரிண்டோப்ரிலோடு இண்டபமைடு என்ற மூன்று கூட்டு மாத்திரைகளை ஒப்பிட்டது. மூன்றுமே ஏறத்தாழ ஒரே அளவில் அழுத்தத்தைக் குறைத்தன. ஆப்பிரிக்காவின் ஆறு நாடுகளில் கறுப்பின மக்களிடம் நடந்த கிரியோல் ஆய்விலோ, ஆம்லோடிபின் கலந்த இரு இணைகளும் மற்றதை முந்தின. அங்கே கிடைத்த விடையை இங்கே அப்படியே பொருத்த முடியாது என்பது இதனால் தெளிவாயிற்று.

இலங்கையில் நடந்த டிரயம்ஃப் ஆய்வு வேறொரு பாதையைக் காட்டியது. டெல்மிசார்டன் 20, ஆம்லோடிபின் 2.5, குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம் என்று மூன்றையும் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாக்கினார்கள். 700 பேரில், ஆறு மாதத்தில் இலக்கை எட்டியவர்கள் கூட்டு மாத்திரைக் குழுவில் 70 விழுக்காடு; வழக்கமான சிகிச்சையில் 55. ஒரே மருந்தை உச்ச அளவுக்கு ஏற்றுவதைவிட, சிறுசிறு அளவில் பலவற்றைச் சேர்ப்பதில் பலனும் கூடும், கால் வீக்கமும் குறையும்.

தமிழ்நாட்டின் கணக்கு யோசிக்கவைப்பது. 2020இல் எடுத்த மாநில அளவிலான கணக்கெடுப்பில், பெரியவர்களில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 விழுக்காடுதான். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், மாத்திரையை வீட்டுவாசலுக்கே கொண்டுபோனது இந்த இடைவெளியை மனத்தில் வைத்துத்தான். மருந்து விலை உயர்ந்ததல்ல, கண்டுபிடிக்கப்படாததும் அல்ல. அட்டை தீர்ந்த பிறகு அடுத்த அட்டையை வாங்காததும், ‘பிரஷர் நார்மல் ஆயிடுச்சு’ என்று நிறுத்திவிடுவதும்தான் பெரும்பாலான தோல்விக்குக் காரணம். நார்மல் ஆனது மாத்திரையால் என்பதை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆக, கால்சியம் தடுப்பான்கள் நல்லவையா என்ற கேள்வியை இனி இப்படிக் கேட்பதில் பயனில்லை. மெதுவாக வேலை செய்யும் டைஹைட்ரோபிரிடின்கள் பெரும்பாலான ரத்த அழுத்த நோயாளிகளுக்குப் பாதுகாப்பானவை, பக்கவாதத்தைத் தடுப்பதில் குறிப்பாக வலியவை. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் நீர்பிரி மருந்துக்குப் பின்தங்கியவை. வெராபமிலும் டில்டியாசெமும் நாடியைக் கவனித்துத் தரவேண்டிய தனி மருந்துகள். வேகமான நிஃபெடிபினுக்குப் பிரசவ அறை போன்ற கண்காணிப்புள்ள இடங்களில் மட்டுமே வேலை. இவ்வளவும் ஆய்வுகளால் நிலைநாட்டப்பட்டவை. மீதமிருக்கும் வேலை சுகாதார நிலையங்களில் இருக்கிறது: மூன்று மருந்தும் கலந்த குறைந்த அளவு மாத்திரையை அரசுக் கொள்முதலில் சேர்ப்பது, நீர்பிரி மாத்திரை எழுதுமுன் ஆம்லோடிபின் அளவைப் பார்ப்பது, ஒவ்வொரு வருகையிலும் பழைய அட்டைகளையெல்லாம் மேசைமேல் வைக்கச் சொல்லிச் சரிபார்ப்பது. நூறில் ஏழு பேர் என்ற அந்தக் கணக்கை மாற்றப் புது மூலக்கூறுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.